மையவாடியில் இருப்பவருக்கு அழைப்பாணை

அனுப்புநர்:
திருமதி சித்தி மஹ்மூதா ஜவ்பர்
(காலஞ்சென்ற எம். ஏ. ஜவ்பர் அவர்களின் விதவை),
பழைய தோட்டப் பாதை,
தெல்வலகந்தை,
இரத்தினபுரி மாவட்டம்.

பெறுநர்:
கௌரவ காதி நீதிபதி அவர்கள்,
காதி நீதிமன்றம்,
தெல்வலகந்தைப் பிரிவு.

விடயம்: 1987இல் சொல்லப்பட்டு இத்தாக் காலத்துக்குள்ளேயே மீட்கப்பட்ட தலாக்கின் காரணமாக என் கனடாக் குடிவரவு விண்ணப்பம் தடைப்பட்டிருத்தலும், மரணித்த என் கணவரைத் தங்கள் நீதிமன்றத்துக்கு அழைத்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

1. நான் விவாகரத்தான பெண் அல்ல. தலாக் ஆனதை மறைத்துக்கொண்டு மகளிடம் கனடாவுக்குப் போகப் பார்க்கிறேன் என்று எங்கள் கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள். தங்கள் நீதிமன்றத்தின் விறாந்தையிலும் அந்தப் பேச்சை நான் என் காதால் கேட்டேன். நான் விதவை. என் கணவர் 2016 ஓகஸ்ட் 9ஆம் திகதி என் வீட்டில், என் கையால் தண்ணீர் குடித்து மரணித்தார். தாங்கள் சென்ற மாதம்தான் இப்பதவியை ஏற்றிருக்கிறீர்கள். ஆகவே நடந்ததைத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

2. எங்கள் நிக்காஹ் 1979இல் நடந்தது. நம்மவர் வழக்கப்படி கணவர் என் பெற்றோர் வீட்டுக்குக் குடிவந்தார். எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. 1987 பெப்ரவரியில் தம் தாயாரின் சொல்லைக் கேட்டு, அப்போதைய காதியாரிடம் போய் ஒரு தலாக் சொல்லிப் பதிந்துவிட்டு, உடுப்புகளையும் தம் தலையணையையும் எடுத்துக்கொண்டு தாயார் வீட்டுக்குப் போனார். தலையணையோடு அவர் பாலத்தைக் கடந்து போவதைக் கடைவீதி முழுவதும் பார்த்தது.

3. சொன்ன தலாக்கைக் கணவன் மீட்டுக்கொள்ள மார்க்கம் இத்தா என்ற காத்திருப்புக் காலத்தைத் தந்திருக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அந்தக் காலம் முடியுமுன், ஏப்ரல் மாதத்தில், ஜும்ஆத் தொழுகை முடிந்து அதே தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். என் வாப்பாவும் பள்ளிவாசல் லெப்பையும் வாசலில் இருந்தார்கள். “மாமா, மஹ்மூதாவ நான் மீட்டு எடுத்துட்டேன்” என்றார். வாப்பா, “தலாணிய உள்ளுக்கு வைங்க மருமகன், மழ வருது” என்றார். அவர் உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

4. மறுநாள் என் கணவர் காதியாரின் வீட்டுக்கே போய் விடயத்தைச் சொன்னார். காதியார் சந்தோஷப்பட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பினார். நேரில் சொன்னால் போதும் என்று என் கணவர் நினைத்தார். நேரில் கேட்டால் போதும் என்று காதியார் நினைத்தார். எங்கள் ஊரில் அந்நாளில் யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். இதனால் தலாக் பதிவில் இருக்கிறது. மீட்டது பதிவில் இல்லை. வாப்பா, லெப்பை, காதியார் மூவரும் இன்று உயிருடன் இல்லை.

5. 1989இல் எங்கள் மகள் பஸ்லியா பிறந்தாள். என் கணவர் மரணிக்கும்வரை, இருபத்தொன்பது வருடம், அந்த வீட்டிலேயே குடியிருந்தார். தலாக் சொன்னவர் போன வழியே போய்விடுவார். போனவர் திரும்பிவந்து அந்நிய ஆணாகத் தம் மகளான என்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்க என் வாப்பா விட்டிருப்பாரா என்பதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். அவருடைய ஜனாஸா என் வீட்டிலிருந்துதான் அடக்கத்துக்குப் புறப்பட்டது. நான் வெள்ளை உடுத்து, கணவனை இழந்தவளுக்குரிய நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன். விவாகரத்தானவளுக்கு அந்த இத்தா கிடையாது. அந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்த பெண்களில் தங்கள் எழுதுவினைஞர் இன்ஷாப் அவர்களின் தாயார் மஸீஹாவும் ஒருவர். ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தார். விவாகரத்தானவளுக்கு அவர் கஞ்சி கொண்டுவந்திருக்கமாட்டார்.

6. பஸ்லியா இப்போது கனடாவில் குடியுரிமை பெற்றவள். தாயைத் தன்னிடம் அழைத்துக்கொள்வதற்காக அவள் போட்ட விண்ணப்பத்தில் நான் விதவை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கனடாக் குடிவரவு அலுவலகத்தார் விவாகச் சான்றிதழின் புதிய பிரதி ஒன்றைக் கேட்டார்கள். எடுத்தபோது அதன் ஓரத்தில் 1987ஆம் ஆண்டுத் தலாக் குறிக்கப்பட்டிருந்தது. விண்ணப்பத்தைத் தயாரித்துத் தந்த தரகர், பழைய பிரதியையே அனுப்புவோம் என்றார். கேட்டது புதிய பிரதி. புதிய பிரதியைத்தான் அனுப்பினேன். விவாகரத்தானவர் என்றால் அதற்குரிய பத்திரத்தையும், விதவை என்றால் கணவர் மரணிக்கும்போது விவாகம் நிலைத்திருந்ததற்கான அத்தாட்சியையும் ஜூலை 31க்குள் அனுப்பும்படி அவர்கள் எழுதியிருக்கிறார்கள். தவறினால் விண்ணப்பம் மூடப்படும்.

7. ஆகவே ஜனவரியில் இந்நீதிமன்றத்துக்கு வந்தேன். தலாக் மீட்கப்பட்டதை உறுதிசெய்ய நான் மனுப்போட வேண்டும் என்றும், மனுவென்றால் எதிர்மனுதாரர் ஒருவர் இருக்கவேண்டும் என்றும் இன்ஷாப் அவர்கள் சொன்னார். எதிர்மனுதாரராக என் கணவரின் பெயரை எழுதினார். மரணச் சான்றிதழை அவர் கையில்தான் கொடுத்தேன். “அது ஃபைல்ல ஈக்கிது உம்மா. ஆனா பார்ட்டி இல்லாம கேஸ எடுக்க ஏலா” என்றார். இரண்டு வாரத்தில் என் கணவரின் பெயருக்கு, என் வீட்டு முகவரிக்கு, பதிவுத் தபாலில் அழைப்பாணை வந்தது. தபால்காரர் நீட்டிய இடத்தில் நானே கையொப்பமிட்டு வாங்கினேன்.

8. நீதிமன்றம் சனிக்கிழமைகளில் பள்ளிவாசல் மேல்மாடியில் கூடுகிறது. அதன் ஜன்னலால் பார்த்தால் மையவாடி தெரியும். அங்கே என் கணவரை அடக்கிய கபுறு மதிலோரம் மூன்றாவது. இன்ஷாப் அவர்கள் படிக்கட்டு வாசலுக்குப் போய் “எம். ஏ. ஜவ்பர்” என்று மூன்று தடவை கூப்பிடுகிறார். பிறகு உள்ளே வந்து, எதிர்மனுதாரர் சமுகமளிக்கவில்லை என்று எழுதி, வேறொரு திகதி தருகிறார். இப்படி மூன்று அமர்வுகள் போய்விட்டன. முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டதும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன்பிறகு அமர்ந்தபடியே இருக்கிறேன்.

9. என் கணவர் தலாக்கை மீட்டதைக் கேட்டவர்களில் ஒருவர் இன்னும் உயிருடன் இருக்கிறார். மேல்பிரிவுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அழகம்மா. அன்று என்னிடம் தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்திருந்தார். மூன்றாம் அமர்வுக்கு மழையில் இறங்கிவந்தார். முஸ்லிம் அல்லாத பெண்ணின் சாட்சியம் இதற்குச் செல்லாது என்று இன்ஷாப் அவர்கள் அவரைப் படியிலேயே நிறுத்திவிட்டார். “நான் ஒங்க மார்க்கத்தப் பத்திப் பேச வரலைங்க தம்பி. எங் காதுல விழுந்தத சொல்ல வந்தேன். எந்தக் காதுன்னு கேட்டாலும் காட்டுறேன்” என்று அழகம்மா சொன்னார். அதுவும் எழுதப்படவில்லை.

10. அன்றைக்கே இன்ஷாப் அவர்கள் எனக்கு ஒரு வழி சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் எழுதமாட்டேன். “டிவோர்ஸ்னு போட்டு ஒரு கையெழுத்து வைங்க உம்மா, ஒரு கெழமயில கடுதாசி தாரேன். அங்க ஈக்கிற வெள்ளக்காரனுக்கு என்ன வெளங்கப் போகுது?” என்றார். வெள்ளைக்காரருக்கு விளங்காதிருக்கலாம். எனக்கு விளங்கும். 1987இல் விவாகரத்து ஆகிவிட்டது என்று நான் கையொப்பமிட்டால், 1989இல் பிறந்த பிள்ளை யாருடைய பிள்ளை? என்னைக் கூப்பிடுகிறவளே அவள்தான். அவளைத் தகப்பன் இல்லாதவளாக்கிவிட்டுத்தான் நான் அவள் வீட்டுக்குப் போகவேண்டுமா?

11. இதைத் தொலைபேசியில் பஸ்லியாவிடம் சொன்னேன். “போட்டுருங்க உம்மா. எனக்கு ஒண்டுமில்ல. நீங்க வந்தா போதும்” என்றாள். அவளுக்கு ஒன்றுமில்லாதிருக்கலாம். அவளுடைய வாப்பாவுக்கு உண்டு. அவரால் வந்து சொல்ல முடியாது. ஆகவே நான் கையொப்பமிடவில்லை.

12. என் வீட்டின் பின்னாலுள்ள மலைச்சரிவில் சென்ற வருடம் வெடிப்பு விட்டது. அங்கே குடியிருக்கக்கூடாது என்று கதவில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். மழை பலத்தால் கிராம உத்தியோகத்தர் வந்து என்னைப் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்புகிறார். மழை விட்டால் திரும்பி வருகிறேன். எழுபத்தொரு வயதில் ஒரு பையை எப்போதும் கட்டியே வைத்திருக்கிறேன். அந்தப் பை கனடாவுக்குக் கட்டியது என்று ஊரில் சொல்கிறார்கள். அது பாடசாலைக்குக் கட்டியது. இந்த வீட்டில் இருக்க எனக்கு அனுமதியில்லை. மகளிடம் போக, நான் என் கணவரின் மனைவியாக இருக்கவில்லை என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், அவர் வந்து சொல்லவேண்டும் என்கிறது இந்நீதிமன்றம்.

13. அடுத்த அமர்வு ஜூன் 28ஆம் திகதி. நாலாவது தடவையும் எதிர்மனுதாரர் வராவிட்டால் மனு தள்ளுபடியாகும் என்றும், தள்ளுபடியானால் 1987ஆம் ஆண்டுப் பதிவே நிற்கும் என்றும் எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் வரமாட்டார் என்பதை இப்போதே எழுத்தில் அறியத்தருகிறேன்.

14. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை: என் கணவரின் மரணச் சான்றிதழைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்கவும். அழகம்மாவை உள்ளே அழைத்து, அவர் சொல்வதை எழுதவும். ஏற்பதா விடுவதா என்பது அதன்பிறகு தங்களுடைய தீர்மானம். இத்தாவில் என்னைப் பார்க்க வந்த பெண்களையும், வேண்டுமாயின், கேட்கலாம். மஸீஹா பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். மரணத்தின்போது நான் ஜவ்பர் அவர்களின் மனைவியாக இருந்தேன் என்று தங்களுக்குத் திருப்தி ஏற்பட்டால் அதை உறுதிசெய்து தரவும். ஏற்படாவிட்டால், எதனால் ஏற்படவில்லை என்பதைத் தங்கள் கையொப்பத்துடன் தரவும். அதையும் நான் மறைக்காமல் கனடாவுக்கு அனுப்புவேன்.

15. இத்தீர்மானம் எதுவானாலும், ஜூன் 28ஆம் திகதி அந்த வாசலில் நின்று என் கணவரின் பெயரை யாரும் கூப்பிடவேண்டாம்.

வாய்மொழிப் பதில் எனக்குப் போதாது. ஜூன் 28க்கு முன் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: தெல்வலகந்தை
திகதி: 2025 ஜூன் 16

இப்படிக்கு,
(ஒப்பம்) சித்தி மஹ்மூதா ஜவ்பர்