மஸ்கட்டில் சூரியன் மறையும் பக்கம்

என் அருமை அத்தாவுக்கு,

உங்கள் மகள் ஸலீமா ஸலாம் சொல்கிறேன். இந்தத் தடவை கடல் கடந்து போனது நீங்கள் இல்லை, நான். மஸ்கட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன், அத்தா. நீங்கள் இருந்திருந்தால் பாபநாசம் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பீர்கள்.

ஆஸ்பத்திரி மெஷின்களை எப்படி இயக்குவது என்று சொல்லிக்கொடுப்பதுதானே என் வேலை. அதற்காகக் கம்பெனி அனுப்பியது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, லீவு. கூட வந்தவர்கள் ஊர் சுற்றிக்காட்ட ஒரு வேன் பிடித்தார்கள். எனக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். அந்த ஆள் நீங்கள்தான்.

கேசட்டுகளை மறந்திருக்க மாட்டீர்களே? லீவில் ஊருக்கு வருகிறவர்களிடம் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்புவீர்கள். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவாள். நான் டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொள்வேன். வெளியே ஐப்பசி மழை கொட்டும், கொல்லைக்கு அந்தப்பக்கம் நட்ட வயலெல்லாம் முழுகிக் கிடக்கும். உள்ளே நீங்கள் வெயிலில் நடந்துகொண்டிருப்பீர்கள். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கடற்கரை ரோட்ல நடக்கிறேன். வலது கைப்பக்கம் கடலு. இடது கைப்பக்கம் மலை, புல்லு பூண்டு கெடையாது, வைக்கப்போர் மாதிரி நிக்கிது.” எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இப்போதும் மனப்பாடம்.

முதலில் கடைத்தெருவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே ஜனம் அலைமோதும் என்றீர்கள். எல்லாம் பூட்டிக் கிடந்தது, ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. காலம் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடற்கரை ரோட்டில் நடந்தால் கடல் இடது கைப்பக்கம் வந்தது. நான்தான் தப்பான முனையில் தொடங்கிவிட்டேன் என்று டாக்சி பிடித்து அந்தக் கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பி நடந்தேன். கடல் வலப்பக்கம் வந்துவிட்டது. உங்களைச் சரியாக்க நான் பட்ட பாட்டைப் பாருங்கள்.

சாயங்காலத்துக்குத்தான் அதிகம் காத்திருந்தேன். சூரியன் கடலுக்குள் முழுகுவதைப் பார்த்துவிட்டுத்தான் ரூமுக்குத் திரும்புவேன் என்று ஒரு கேசட்டில் சொல்லியிருந்தீர்கள். அந்த ரோட்டுக்கு மேலே நிற்கும் பழைய கோட்டைக்குக் கீழே ஒரு பெஞ்சில், கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, சூரியனைக் காணோம். ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்த விழுப்புரத்துக்காரர் ஒருவர், யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று தமிழில் கேட்டார். சொன்னேன்.

“அது அப்பவே அந்த மலைக்குப் பின்னாடி எறங்கிடுச்சுங்க,” என்று என் முதுகுப் பக்கம் கைகாட்டினார். “இங்க கடல்ல சூரியனப் பாக்கணும்னா காலையில வரணும்.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். நம் ஊரில் இருந்து பார்த்தால் அரபிக்கடல் மேற்கே. அங்கே போய் நின்றால் அது கிழக்கே. ஒரே ஒரு சாயங்காலம் அங்கே நின்றிருந்தாலும் உங்களுக்கு அது தெரிந்திருக்கும். அப்படியென்றால்? சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அவங்க எங்க புள்ள அதெல்லாம் பாத்தாங்க?” என்றாள் அம்மா, ஏதோ அரிசி களைந்தாயா என்று கேட்பதுபோல. ஊருக்கு வெளியே பேக்கரியில் வேலை, வெள்ளிக்கிழமையும் அடுப்பு எரியும், ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து தூங்கினால் அதுதான் லீவு என்று சொன்னாள். மாவு பிசையும் இடத்தில் ஒரு காலண்டர் மாட்டியிருந்ததாம். கோட்டை, கடல், மலை, கடல்மேல் சூரியன். அதைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிந்திருக்கிறீர்கள். அது விடியற்காலைப் படம் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் லீவில் வந்தபோதே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டீர்களாம். என்னிடம் மட்டும் ஏன் கடைசிவரை சொல்லவில்லை, அத்தா?

நான் சொன்ன அந்த வார்த்தை அப்போதுதான் என்னைச் சுட்டது. பிளஸ் டூ முடித்திருந்தேன். நீங்கள் அரபுநாட்டை முடித்துக்கொண்டு வந்த வருஷம். திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன் என்றேன். கும்பகோணம் காலேஜுக்குப் பஸ்ஸில் போய்வந்தால் போதும் என்றீர்கள். “நீங்க மட்டும் ஊரு ஒலகமெல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்துட்டீங்க. நாங்க இங்கேயே கெடந்து சாகணுமா?” என்று கேட்டேன். மூன்றாம் நாள் திருச்சிக்குப் போய் நீங்களே அப்ளிகேஷன் பாரம் வாங்கி வந்தீர்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். நீங்கள் மவுத்தாகி, அடக்கமாகி இரண்டு வருஷமாகிறது. ஒருநாள்கூட மன்னிப்புக் கேட்கத் தோன்றியதில்லை, நான் சொன்னது உண்மை என்றே இருந்தேன்.

அத்தா அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டேன்.

“நீ உள்ள போனதும் நான்தான் ஒன்னை அடிக்க வந்தேன். அவங்க கையப் புடிச்சிக்கிட்டாங்க,” என்றாள். “‘விடு. நான் அங்க நல்லா இருந்தேன்னு புள்ள இத்தன வருசமா நம்பியிருக்கு பாரு’ன்னு சிரிச்சாங்க. அன்னிக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க.”

அத்தா, நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கூட்டிக்கொண்டிருந்தவர் அந்தப்பக்கம் போய்விட்டார், நல்ல மனுஷர்.

மன்னிப்புக் கேட்டால் நீங்கள் மறுபடி சிரிப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். மஸ்கட்டில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கோட்டை கிடக்கட்டும், கடலை நாகூரிலேயே பார்த்துக்கொள்ளலாம், அந்த பேக்கரி இருக்கிறதா என்று பார், அவர் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்றாள்.

தேடிக் கண்டுபிடிப்பேன், அத்தா. இடித்திருந்தால் இடித்த இடத்தில் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்துவேன். அதுவரைக்கும் மஸ்கட்டைப் பார்த்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பிய,
உங்கள் மகள்
ஸலீமா