பிறசர் குறையுது

மச்சான்,

இன்று ஜெயபுரத்தில் உன் வீட்டு முற்றத்தில் நிற்கிற காரின் கதவைத் திறந்தேன். வெயிலில் வெந்த சீற்றின் மணம் முகத்தில் அடித்தது. நீ போனபிறகு அதை ஒருவரும் திறக்கவில்லையாம். பற்றரி செத்துக் கிடந்தது. என்னுடையதைக் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. உன் மனைவிதான் வரச் சொன்னார்.

ஊரெல்லாம் குண்டும் குழியுமான கிரவல் ஒழுங்கை. நீயோ நிலத்தோடு நிலமாய்க் கிடக்கிற இந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக் கிளிநொச்சியில் என் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாய். "உதுக்குள்ளை ஏறுறதோ, உதைச் சட்டை மாதிரிப் போட்டுக்கொள்ளுறதோ?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. ஒயில் பிறசர், ஒயில் சூடு, தண்ணிச் சூடு, மூன்றுக்கும் மீற்றர் பூட்டவேண்டும் என்றாய்.

"பிழை வந்தா லைற் பத்தும்தானே?"

"லைற் பத்தேக்கை எல்லாம் முடிஞ்சிடுமடா. ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கப்படாது."

பூட்டினோம். ஒயில் கசியக்கூடாதென்று சென்சரின் புரியில் நீ வெள்ளைப் பிளாஸ்ரிக் ரேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினாய். அந்தச் சென்சருக்குக் கரண்ட் திரும்பிப் போகிற ஏர்த், எஞ்சினின் இரும்புதான். ரேப் நடுவில் நின்று மறித்துவிட்டது. மாங்குளம் வரை ஓடிப் பார்த்தபோது ஒயில் பிறசர் முள் பேய் பிடித்ததுபோல ஆடியது. "பிறசர் குறையுது, பிறசர் குறையுது!" என்று நீ போட்ட சத்தத்தில், ரோட்டோரக் கடைக்காரர் சோடாவை உடைத்துக்கொண்டு ஓடி வந்தார். பிறசர் குறைந்தது உனக்கென்று நினைத்துவிட்டார், பாவம். வயிறு நோகச் சிரித்தோம். சோடாவையும் நீ விடவில்லை.

உன் கடைசி நாள் முற்பகலில் ஃபோன் எடுத்து, "பிறசர் குறையுது மச்சான்" என்றாய். "ஏர்த்தைப் பார்" என்றேன். "ஓம் ஓம், பாக்கிறன்." அவ்வளவுதான் கதை. பின்னேரம் உன்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

காரைச் சொன்னாயா, உன்னைச் சொன்னாயா? உன் குரலைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நேரம் களைத்த குரலாய்க் கேட்கிறது, இன்னொரு நேரம் பகிடிக் குரலாய். கோபம்கூட வருகிறது. எஞ்சினுக்கு மூன்று மீற்றர் பூட்டினவனுக்கு, "எனக்கடா" என்று ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லையா?

இன்றுதான் உன் மனைவி வாய் திறந்தார். "அண்ணை, அண்டைக்கு என்னட்டையும் பிறசர் குறையுதெண்டு சொன்னவர். நான் தேசிக்காய் பிழிஞ்ச தண்ணியிலை உப்புப் போட்டுக் குடுத்தன். குடிச்சிட்டுச் சிரிச்சவர். பிறகேன் உங்களுக்கு ஃபோன் எடுத்தவர்? காரைத்தான் சொன்னவரோ? இல்லாட்டி, நான்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டிட்டனோ?"

நான் காருக்கு மருந்து சொன்னேன், அவர் உனக்கு மருந்து தந்தார். இரண்டு பேருக்கும் தலையாட்டியிருக்கிறாய்!

பார்த்துவிடுவோம் என்று காரை ஸ்ராட் செய்தேன். ஒயில் பிறசர் முள் நிமிர்ந்து நின்றது. உன் மனைவி யன்னலால் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சூடேற, முள் மெல்ல இறங்கியது.

"குறையுது அண்ணை! குறையுதுதானே?"

எந்த எஞ்சினும் சூடேறினால் இவ்வளவு குறையும். அதில் பிழையும் இல்லை, பதிலும் இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் பாதியை விழுங்கிக்கொண்டேன்.

"ஓம் தங்கச்சி, குறையுது."

"அப்ப காரைத்தான் சொல்லியிருக்கிறார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். நான் செய்தது சரியோ பிழையோ தெரியவில்லை மச்சான். அவருக்குக் கிடைத்த பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போதெல்லாம் கராஜுக்கு யாராவது ஃபோன் எடுத்துப் பிறசர் குறையுதென்றால், "ஆருக்கு?" என்று முதலில் கேட்கிறேன். "என்ரை வானுக்குத்தான் அண்ணை, வேறை ஆருக்கு?" என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் ஏர்த்தைப் பார்க்கச் சொல்கிறேன்.