வாளியில் படிந்த களிமண்

அன்புள்ள கோமதிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். முதல் தடவையாக நானே எழுதுகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

செம்பூரில் நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுக்கூடத்தில், மடிந்த பாறை ஒன்றில் இருந்த களிமண்ணை அழுக்கென்று நினைத்துக் கழுவிவிட்டேன். பாறை அடுக்குகள் மடங்கி உரசியபோது உண்டான மண்ணாம். அதன் வயதுதான் பாறை மடிந்த காலமாம். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அண்ணாச்சி, கழுவுன தண்ணிய எங்க கொட்டுனீங்க?" என்று அங்கே ஆராய்ச்சி செய்யும், தமிழ் பேசும் உமைரா மேடம் பதறினார்.

"கொட்டலம்மா. எங்க தாராவியில எவன் தண்ணிய கொட்டுவான்? தரை துடைக்க வச்சிருக்கேன்."

வாளியின் அடியில் களிமண் அப்படியே படிந்திருந்தது. "நாங்களும் தண்ணியில கரைச்சுத்தான் பிரிப்போம். பாதி வேலைய முடிச்சிட்டீங்க" என்று சிரித்தார்.

பதிலைப் பெரிய எழுத்தில் எழுது. எழுத்துக் கூட்டி நானே வாசிப்பேன். சாயங்காலம் எனக்கு வேறு பேச்சுத்துணை இல்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, எழுந்திருக்கிறேன். நீ பதில் போடாவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன்.

உன்
வானமாமலை