பீஜியின் புத்தகத்தில் பென்சில்

சித்தூர்
9-1-1978

திரு. பிரீத்தம் சிங் அவர்களுக்கு,

தேவ கிருபையில் சுகமே. சென்ற சனிக்கிழமை திருப்பதியில் உங்கள் மோட்டார் உதிரிபாகக் கடைக்கு வந்து, என் காலஞ்சென்ற கணவரின் பழைய காருக்கு ஃபேன் பெல்ட் வாங்கிச் சென்றவள் நான். உள்ளறையில் உங்கள் தாயார் ஒரு சின்னப் புத்தகத்தை ராகத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார். என்ன அர்த்தம் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சரம்மா, கடவுள் ஒருத்தர்தான், அவர நெனச்சிக்கினே இருன்னு சொல்லுது" என்றீர்கள். இருபது நிமிட வாசிப்புக்கு இதுதானா அர்த்தம்?

சிறுமியாய்க் கான்வென்டில் படித்த எட்டு வருடமும் லத்தீனில் பாடினேன். ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. கேட்டால் கன்னியாஸ்திரீகள் முட்டி போடச் சொல்வார்கள். இந்த அறுபத்தேழு வயதில் யாரும் என்னை முட்டி போடச் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் வேதத்தை மூலமொழியில் படிக்க விரும்புகிறேன். முதலில் எழுத்துக்களைத் தபாலில் அனுப்புங்கள். முப்பத்தோரு வருடம் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள்; மாணவியாகத் தொந்தரவு தரமாட்டேன்.

கடைப் பலகையில் "உதிறி" என்றிருக்கிறது. "உதிரி" என்று மாற்றவும்.

யூனிஸ் அசரியா


திருப்பதி
17-1-1978

மரியாதைக்குரிய டீச்சரம்மாவுக்கு,

சத் ஸ்ரீ அகால். பலகையை மாற்றிவிட்டேன். பெயிண்டர் உங்களைத் திட்டினான்.

உண்மையைச் சொல்கிறேன். பிரிவினையில் லயால்பூரிலிருந்து வந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பா முதலில் வேலூரில் கடை வைத்தார். நான் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பஞ்சாபி வீட்டில் பேசுவதோடு சரி. எங்கள் வேதமான கிரந்த சாகிபின் மொழி அதைவிடப் பழையது. பீஜியிடம், எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், நீங்கள் கேட்டதைச் சொன்னேன். "எனக்கே பாதிதான் தெரியும், அந்தம்மாவுக்கு முழுசும் வேணுமாமா?" என்று சிரித்தார்.

குர்முகி எழுத்து முப்பத்தைந்தையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் உச்சரிப்பு இருக்கிறது.

தங்கள்
பிரீத்தம் சிங்


சித்தூர்
4-4-1978

அன்புள்ள பிரீத்தம் சிங் அவர்களுக்கு,

ஒன்பதாம் பாடம் வந்தது. எட்டாம் பாடத்தில் நீங்கள் செய்த இரண்டு தவறுகளைத் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன்.

தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை எழுதிப் பழகுகிறேன். எனக்குச் சமைத்துப்போடும் ரத்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, பரலோகத்துல பஞ்சாபிலயா பரீட்சை வெக்கப் போறாங்க? கண்ணு பூடும் பார்த்துக்க" என்கிறாள். பாதிரியாரும் ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் விசாரித்தார். மதம் மாறும் உத்தேசம் இல்லை, அறியும் உத்தேசம்தான் என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

ஒரு நூலகத்திலிருந்து ஆங்கில மொழிபெயர்ப்பு தருவித்தேன். நீங்கள் கடையில் சொன்னதையே நீட்டிச் சொல்கிறது. எனக்கு மூலம் வேண்டும். உங்கள் தாயார் வாசிக்கும் அந்தப் புத்தகம் போல் ஒன்று கிடைக்குமா?

யூனிஸ் அசரியா


திருப்பதி
12-4-1978

டீச்சரம்மாவுக்கு,

கடிதத்தைப் பீஜிக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்த் தன் புத்தகத்தையே எடுத்து வந்து கொடுத்துவிட்டார். "வேண்டாம் பீஜி, அமிர்தசரசிலிருந்து புதிதாக வரவழைக்கலாம்" என்றேன். "அர்த்தம் கேட்டவளைக் காக்க வைக்காதே" என்கிறார்.

லயால்பூர் வீட்டிலிருந்து எங்களோடு வந்தது இது ஒன்றுதான். கடை ஆள் ஏழுமலை சித்தூருக்குச் சாமான் கொண்டு வரும்போது நேரில் தருவான். கை கழுவித் தொடுங்கள். தலையில் முக்காடு போடுங்கள். துணியில் சுற்றி உயரமான இடத்தில் வையுங்கள்.

பிரீத்தம் சிங்


சித்தூர்
20-6-1978

அன்புள்ள பிரீத்தம்,

பெயர் சொல்லி அழைக்கிறேன், மன்னிக்கவும். இன்று சந்தோஷத்தில் இருக்கிறேன். காலைப் பிரார்த்தனையை முதலிலிருந்து கடைசி வரை, அகராதியோடுதான், படித்து முடித்தேன். இருபது இடங்களில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போக மனம் வரவில்லை. நீங்கள் அன்று சொன்ன "ஒண்ணுமில்ல" என்ற சொல்லை வாபஸ் வாங்குங்கள்.

புத்தகத்தை ஏழுமலையிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் சொன்னபடியே கை கழுவி, முக்காடிட்டு, அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். என் சொந்த வேதாகமத்துக்குச் செய்யும் மரியாதையில் ஒன்றும் குறைக்கவில்லை. மனதைத் தொட்ட வரிகளுக்கு அடியில் மெல்லிய பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் தேதியும், எங்கள் வேதாகமத்தில் அதற்கு ஒத்த சங்கீதத்தின் எண்ணும் குறித்திருக்கிறேன். உங்கள் தாயாருக்குக் காட்டுங்கள். எவ்வளவு கவனமாகப் படித்தேன் என்று தெரியும்.

யூனிஸ் அசரியா


திருப்பதி
2-7-1978

டீச்சரம்மாவுக்கு,

பீஜி துணியைப் பிரித்தார்கள். நாலு பக்கம் புரட்டினார்கள். மூடி நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். அன்று காலையில் எங்கள் வீட்டில் வாசிப்பு இல்லை. அப்பா செத்த மறுநாள்கூட நிற்காத வாசிப்பு.

குருவின் வாக்கு எங்களுக்குப் புத்தகம் இல்லை, குருவேதான். அதன்மேல் யாரும் எழுதுவதில்லை. இதை நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை, இப்படி ஒருவர் செய்வார் என்று எனக்குத் தெரியாது. பீஜி உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாடங்களை நிறுத்திக்கொள்கிறேன்.

பிரீத்தம் சிங்


சித்தூர்
7-7-1978

அன்புள்ள பிரீத்தம் சிங் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் சபையில் கோடு இல்லாத வேதாகமத்தை வைத்திருப்பவனை, வாங்கி வைத்தவன் என்பார்களே தவிர வாசித்தவன் என்று சொல்லமாட்டார்கள். என் கணவரின் வேதாகமத்தில் கோடில்லாத பக்கம் ஏழுதான். அந்தப் பழக்கத்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டு வந்தேன். எல்லாவற்றுக்கும் அர்த்தம் கேட்டவள், இதற்கு மட்டும் கேட்கவில்லை.

இது சமாதானம் அல்ல. மன்னிப்பை உங்கள் வழியாகக் கேட்பதும் முறையல்ல. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நானே அவரிடம் அவர் மொழியில் பேசுவேன். நீங்கள் கடையிலேயே இருங்கள். திணறினாலும் உள்ளே வரவேண்டாம்.

யூனிஸ் அசரியா


சித்தூர்
13-7-1978

அன்புள்ள பிரீத்தம்,

உள்ளே என்ன நடந்தது என்று அன்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

"பீஜி, மைனூ மாஃப் கரோ" என்று மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த மற்ற ஒன்பது வாக்கியங்களும் மறந்துவிட்டன. "பைட்டோ" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தேய்த்தால் அச்சு எழுத்தும் போகும் என்று புரிந்துகொண்டேன்.

பிறகு ஓரத்துத் தேதிகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்து, இது என்ன நாள் என்று கேட்டார். மே மூன்று என் கணவரின் நினைவு நாள் என்று உடைந்த பஞ்சாபியில் சொன்னேன். அவர் நாலைந்து பக்கம் புரட்டி, உங்கள் அப்பா இறந்த விடியற்காலையில் தம் குரல் எந்த வரியில் நின்று மறுபடி தொடங்கியது என்று காட்டினார். அந்த வரியின் கீழ் ஒரு குறியும் இல்லை. அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்தப் புத்தகம் இனி காலை வாசிப்புக்கு ஆகாது. குருவுக்குச் செய்வதுபோல் முறைப்படி தகனம் செய்ய அமிர்தசரஸ் பக்கம் அனுப்பப் போகிறாராம். அனுப்புமுன் என்னோடு ஒரு முறை முழுவதும் வாசிக்க வேண்டுமாம். செவ்வாய்தோறும் வருவேன். வாசிப்புக்குப் புதிய புத்தகம் ஒன்று, எனக்கு ஒன்று, ஆக இரண்டு வரவழையுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேலூர் வாடை அடிக்கிறதாம். முதல் எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். ஆகவே இனி நீங்கள் பாடம் அனுப்ப வேண்டாம். இந்த ஆறு மாதத்துக்கு நன்றி.

அவர் காட்டிய வரி எது என்று உங்களுக்கு எழுத நினைத்தேன். இத்தனை வருடத்தில் நீங்கள் கேட்டதே இல்லை என்றார். எனவே நான் எழுதவில்லை. அடுத்த அறைதானே, போய்க் கேளுங்கள்.

யூனிஸ் அசரியா