ஹெப்பகோடி எதிர்காற்று

ஹோசூர் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில், திரும்பும் வழியில் பெரும்பகுதி உன் பின்சக்கரத்தை ஒட்டியே வந்து, கடைசி நூறு கஜத்தில் உன்னைத் தாண்டி நான் முதலில் வந்தேன். நடந்தது இவ்வளவுதான்.

இன்று காலை கடைக்கு வந்த ஒருவர் முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்திருந்தார். அந்த வாசனைக்குப் பிறகு என்னால் கல்லாவில் உட்கார முடியவில்லை. பந்தயத்தன்று விடியலில், மர்பி டவுன் குழாயடியில் நாம் கெண்டைக்காலில் தேய்த்துக்கொண்ட அதே தைலம். நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

முதலில் வருபவனுக்கு மாநில அணியில் இடம். அது கிடைத்தால் உன் தொழிற்சாலையில் உன்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போதுதான் வாடகை சைக்கிள் கடை போட்டிருந்தேன். கடைக்காரனே ஜெயித்தவன் என்றால் வியாபாரம் தானாக வரும் என்பது என் கணக்கு.

ஹோசூரில் திரும்பியதும் எதிர்காற்று. நீ வேகத்தைக் கூட்டினாய். என்னைத் தவிர யாராலும் உன்னோடு ஒட்ட முடியவில்லை. எதிர்காற்றில் முன்னால் போகிறவன் இரண்டு பேருக்கான காற்றையும் நெஞ்சில் வாங்குகிறான். பின்னால் வருகிறவனுக்குப் பாதித் தெம்பு மிச்சம். அதனால்தான் முறை மாற்றிக்கொள்வது. அத்திபெலே வரை மாற்றிக்கொண்டுதான் வந்தோம். அதற்கப்புறம் நீ முழங்கையை ஆட்டி என்னை முன்னால் கூப்பிட்டபோது, நான் வாயைப் பிளந்து தலையைத் தொங்கப்போட்டேன். கொள்முதலுக்குப் போனால் கையில் காசில்லாத முகம் வைப்பேனே, அதே முகம்.

"இன்னா மச்சான், அவ்ளோதானா?"

"கால் செத்துப்போச்சிடா."

"சரி, ஒட்டிக்கினு வா. காத்த நான் பாத்துக்கறேன்."

பாதி வாழைப்பழத்தை வேறு பின்னால் நீட்டினாய். அதையும் வாங்கித் தின்றேன். ஹெப்பகோடியில் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாய்; மறுபடி குனிந்து மிதித்தாய்.

பந்தயம் முடிந்ததும் நம் ஆட்களே என்னை ஓசிச் சவாரி என்று கேலி பேசினார்கள். "சும்னே இருங்கடா. ஒட்டிக்கினு வர்றதுக்கும் தெம்பு வேணும்" என்று அவர்களை அடக்கியவன் நீதான். மாலையோடு நான் நிற்கும் படம் கல்லாவுக்கு மேலே மாட்டப்பட்டது. கடை வளர்ந்தது. நீ கடைசிவரை தினக்கூலி.

ஹெப்பகோடியில் எதைப் பார்த்தாய் என்று ஆஸ்பத்திரியில்தான் உன்னைக் கேட்டேன். சிரித்தாய்.

"உன் வாய் தொங்குச்சி. ஆனா தோள் ஆடல, முட்டி அகலல. கால் புது மெஷின் மாதிரி சுத்துச்சி. செத்த கால் அப்டி சுத்துமா?"

"அப்ப ஏண்டா கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவ. அத கேக்கறதுக்கு காத்தே தேவலாம். அதுவும் இல்லாம, உன்ன இழுத்துக்கினே ஜெயிச்சிடலாம்னு ஒரு திமிரு."

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த வெட்கத்தோடு எப்படியோ காலம் தள்ளினேன். ஏமாறாமலேயே நீ என்னை இழுத்து வந்திருக்கிறாய். இந்த வெட்கத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. படத்தை இன்று இறக்கிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது.

அன்று குழாயடியில், தைலக் கையோடு கைகொடுத்து நாம் ஒப்புக்கொண்டது இதுதான்: ஒரு மைல் நீ முன்னால், ஒரு மைல் நான் முன்னால், கடைசி ஏற்றம் தாண்டிய பிறகு அவனவன் பாடு.