ஏறாத குன்று

மலாக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று கடைக்கு லீவு. முதலாளியம்மா ராகினி அக்கா எங்களைப் பழைய கோட்டைக்குக் கூட்டிப்போனார். குன்றின் மேலிருந்து பழைய ஊரும் கடலும் தெரியுமாம். இந்த வருஷம் மலை ஏறாதே என்று நீ போனில் சொன்னாயே, அதனால் நான் மட்டும் கீழே கோட்டை வாசலில் நின்றுகொண்டேன்.

"ஏறி வா லா! சாவு விழுந்த வீட்டுக்காரங்கதானே ஒரு வருஷம் மலை ஏற மாட்டாங்க?" என்று அக்கா இந்த ஊர் 'லா' போட்டுச் சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நாளாக எப்போது கூப்பிட்டாலும் அப்பா தூங்குகிறார் என்கிறாய். போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நிஜமாகவே தூங்கினால் எழுப்பி ஒரு வார்த்தை பேசச் சொல். இல்லையென்றால், என் இடத்தில் நின்று கொள்ளி வைத்தது யார் என்று மட்டும் சொல்.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

உன் தலைமகன்,
கார்மேகம்