நான் திறந்து பார்க்காத கோப்பு

அக்கா,

இன்று காலை கடை மேசை இழுப்பறையைத் துடைக்கும்போது அந்த நீலநிற பென்டிரைவ் கையில் பட்டது. அதன்மேல் ஒட்டிய துண்டுத் தாளில் உங்கள் கையெழுத்து: "பிள்ளைகள்". அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. கடையைப் பாதி அடைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் உங்கள் பொறுப்பில் இருந்தது. யாருக்கு எப்போது காய்ச்சல், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, யார் முதலில் எழுந்து நின்றது, எல்லாவற்றையும் கொப்பிகளில் எழுதுவீர்கள். ஒரு மழையில் கூரை ஒழுகி அவை ஊறிப்போயின. ஈரக் கொப்பிகளோடு ஹட்டனில் இருக்கும் என் போன் கடைக்கு வந்தீர்கள். குறிப்பெழுதும் ஆப் ஒன்றை உங்கள் போனில் போட்டுக் கொடுத்தேன். "இதுல மழை படாதுக்கா" என்று பெருமையடித்ததும் நான்தான். தப்பிய பக்கங்களை ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினீர்கள்.

சில வருடங்களில் அந்த ஆப்பை மூடப்போவதாக அறிவித்தல் வந்தது. பதறிக்கொண்டு வந்தீர்கள்.

"தம்பி, எழுதுனதெல்லாம் போயிருமாமே?"

"போகாதுக்கா. நான் எடுத்துத் தர்றேன்."

அதே ஆப்பில் இருந்த என் குறிப்புகளை அன்றே எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தக் கணினியிலும் படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாக மாற்றினேன். என்னிடம் இருந்தவை நாற்பது. உங்களுடையவை முந்நூறுக்கும் மேல். மொத்தமாக இறக்க ஒரே பொத்தான் இருந்தது. அப்படி இறக்கினால் அந்த ஆப்பைத் தவிர வேறெதிலும் திறக்காது. தெரிந்தேதான் அதை அழுத்தி, வந்த கோப்பை இந்தப் பென்டிரைவில் போட்டேன். மூட இரண்டு மாதம் இருக்கிறதே, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"ஒருக்கா தொறந்து காட்டுங்க தம்பி, பாத்துட்டுப் போறேன்" என்றீர்கள்.

கடையில் ஆள் நிற்கிறது என்றேன். "அதெல்லாம் பத்திரமா இருக்குக்கா."

பென்டிரைவில் பெயரெழுதி ஒட்டி, "ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனீர்கள். நான் மாற்றாமலே இரண்டு மாதமும் போனது, ஆப்பையும் மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் நீங்களும் இறந்துபோய்விட்டீர்கள்.

மூன்று மாதம் கழித்துச் செல்வி வந்தாள். உங்கள் மடியில் வளர்ந்த அவளுடைய மகளுக்கு மறுபடியும் வலிப்பு. சின்னதில் எந்த மருந்து கொடுத்து உடம்பெல்லாம் தடித்தது என்று டாக்டர் கேட்கிறாராம்.

"கிளினிக் கொப்பி தொலைஞ்சிருச்சுங்க. அக்கா எழுதி வச்சிருக்காங்க. ஒங்ககிட்டதான் இருக்குன்னு சொல்லியிருக்காங்க."

அவளை உட்கார வைத்துவிட்டு, தெரிந்த வழியிலெல்லாம் முயன்றேன். திரையில் வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான். கடைசியில், "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் அதையும் நம்பினாள்.

ஒரு வாரம்தான் தாங்க முடிந்தது. பஸ் ஏறி அவளுடைய லயத்து வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை.

"அக்கா கேட்டப்பவே முடியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா, போனப் பாத்து நாங்களே ஒக்காந்து கொப்பியில எழுதியிருப்போமே" என்றாள்.

பிறகு அவளும் பக்கத்து வீட்டுக்காரியும் நினைவில் இருந்ததைச் சொல்லச் சொல்ல, நான் வெறும் எழுத்துக் கோப்பில் தட்டினேன். பன்னிரண்டு வரி தேறியது. அந்த மருந்தின் பெயர் மட்டும் யாருக்கும் வரவில்லை. சிவப்பு நிற சிரப் என்பதோடு நின்றது. டாக்டர் வேறொரு மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கிறார். பிள்ளை இப்போது தேவலை.

மற்றப் பிள்ளைகளுக்கு அந்தப் பன்னிரண்டு வரியும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அம்மாமார் என்னை நிறுத்தி, "அக்கா எழுதுனது ஒங்ககிட்ட பத்திரமா இருக்குதானே?" என்று கேட்கிறார்கள். இல்லை என்றும் ஏன் இல்லை என்றும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். நேற்று ஒருத்தியிடம் சொன்னேன். இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அக்கா.